வேடிக்குப் பிறகு எங்கள் வீடு

1

நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் ஒரு பரீட்சை எழுதினேன். ஜெர்மனியில் குடியுரிமை கேட்கிறவர்கள் எழுதித் தேற வேண்டிய பரீட்சை அது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியான விடைக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது, படிக்காமல் போனாலும் தேறிவிடலாம் என்று என் மனைவி சுமதி சொல்லியிருந்தாள். அவள் எனக்கு முன்பே தேறியவள்.

அரசாங்கத்தை எதிர்த்து இந்த நாட்டில் ஒருவர் வெளிப்படையாகப் பேசலாம், அது எதனால் என்று ஒரு கேள்வி. கருத்துச் சுதந்திரம் இருப்பதால் என்பது விடை. குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

தேறிவிட்டேன். அடுத்தது விண்ணப்பம். பதினாறு பக்கம். பிறந்த ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினால் கட்டம் போதாது. ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூருக்கு உள்ளே ஐந்து கிலோமீட்டர் என்றெல்லாம் எழுத இடமும் கிடையாது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில், எந்த நாட்டிலாவது உங்கள் மேல் வழக்கோ விசாரணையோ இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். அது பொய்யில்லை. என் மேல் எங்கேயும் எந்த வழக்கும் கிடையாது.

அந்த விண்ணப்பம் இரண்டு மாதமாக மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

2

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மணி அடித்தது. திறந்தால் போலீஸ். ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. காலை வணக்கம் சொன்னார்கள். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னார்கள்.

காக்கி இல்லை, கருநீலம். ஆனாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் ஒரு அம்மாளை இடித்துவிட்டு, மன்னிக்கவும் என்று சொல்வதற்குப் பதிலாக நான் குற்றவாளி என்று சொன்னவன் நான். இரண்டுக்கும் ஜெர்மனில் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். இப்போது அந்த மாதிரித் தப்பு வருவதில்லை.

அந்தப் பெண் போலீஸ், "கடந்த சில நாட்களில் இந்தத் தெருவில் ஏதாவது கவனித்தீர்களா?" என்று கேட்டாள்.

நான் உடனே சொன்னேன்: "அது என் மகள்தான். பெயர் கயல்விழி. பதினாறு வயது. இப்போது பள்ளியில் இருக்கிறாள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருமுனையில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் கயலும் அவள் தோழிகளும் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். இளைஞர்களுக்கான நூலகத்தை நகராட்சி மூடப்போகிறது, அதை எதிர்த்து. அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் வந்தது, அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலிருந்து சைக்கிள்கள் திருடுபோன விஷயமாக.

"சுவரொட்டிக்கெல்லாம் பெயர் தேவையில்லை" என்றான் அந்தப் பையன். ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை. நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

கயல் பள்ளியில் இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பள்ளிக்கே போகவில்லை. உள்ளே அறையில்தான் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வந்து நடையில் நின்றாள்.

"அப்பா, அவங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

அவள் தமிழ் அவ்வளவுதான். மீதியை ஜெர்மனில் சொல்வாள். அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அவள் பெயிண்ட் டப்பாக்களையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோழி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

3

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

எங்கள் ஊர் இருபத்தெட்டு வீடு. காட்டுக்குக் காவலாக இருந்த ஆட்களுக்கு அவ்வப்போது ஒரு கேஸ் வேண்டும். மரம் வெட்டினான் என்றோ, கடுக்காய் பொறுக்கினான் என்றோ ஒருவனைக் காட்டியாக வேண்டும். ஜீப் வரும். யார் வெட்டியது என்று கேட்பார்கள். பல தடவை யாருமே வெட்டியிருக்கமாட்டார்கள். ஆள் கொடுக்காவிட்டால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடிப்பார்கள், அடுக்குப் பானையை உதைப்பார்கள், சாமையைத் தரையில் கொட்டுவார்கள். அதனால் ஊரே கூடி ஒரு முறை வைத்திருந்தது. கிழக்குக் கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு வீடு. எங்கள் ஊர் நாட்டார், அவர்தான் ஊருக்குப் பெரியவர், "இந்தத் தடவ யார் வூட்டு முறை?" என்று கேட்பார். அந்த வீட்டு ஆண் எழுந்து நிற்பான்.

போகிறவன் பதினைந்து நாள், கூடினால் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வருவான். அதுவரைக்கும் அவன் கொல்லையை, அவன் பயிர் வைக்கிற நிலத்தை, ஊர் பார்த்துக்கொள்ளும். களை எடுப்பார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், அவன் வீட்டுக்கு அடுப்பு எரிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி சாமை போகும். போகிற அன்றைக்கு அவனுடைய கம்பளியை ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன், அடுத்த முறைக்கு உரியவன். எப்படிப் போக வேண்டும் என்று அவன் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இருக்கலாம். யாரும் காரணம் சொல்லிக் கேட்டதில்லை.

சிறு பிள்ளையாக இருந்தபோது எனக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மழை வருவது மாதிரி ஜீப் வரும். குடை பிடிக்கிற மாதிரி ஒரு ஆளைக் கொடுப்போம்.

4

கீழே கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அப்பா சந்தையில் சாமை அளக்கிறவனிடம்கூடச் சொல்லுவார். அந்த வருஷம் விறகு பொறுக்கப்போன ஒரு பெண்ணை ஒரு காவலாள் தடியால் அடித்து, கை எலும்பு முறிந்தது. அவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போன நான்கு பேரில் நானும் ஒருவன், வேடியும் ஒருவன்.

வேடி என்கிற வேடியப்பன் என் வயது. பக்கத்து வீடு. நாலாம் வகுப்போடு நின்றவன். பலா மரத்தில் ஏறினால் அவனுக்கு மேலே யாரும் ஏற முடியாது.

காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், நீல மையில், ஐந்து கேள்விகள் எழுதினேன். அரசாங்கத்துக்கு ஐந்து கேள்விகள் என்று தலைப்பு. பன்னிரண்டு பிரதி, எல்லாம் கையாலேயே. சந்தை நாளன்று விடிகாலையில் நானும் வேடியும் ஜமுனாமரத்தூருக்குப் போய், சோற்றுப் பசையால் பஸ் நிழற்குடையிலும் கடைச் சுவர்களிலும் ஒட்டினோம். பசை தடவியது அவன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். படித்துக் காட்டினேன். "நல்லா கேட்டுகீற" என்றான்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. ஒன்று இல்லை, மூன்று. வழக்கமாக வருகிறவர்களும் இல்லை, கீழேயிருந்து வந்த வேறு ஆட்கள். எழுதினவனைச் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் ஒரு ஆண் மிச்சம் இருக்கமாட்டான் என்று சொல்லிவிட்டு ஜமுனாமரத்தூரில் போய்க் காத்திருந்தார்கள்.

யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். அந்த மாதிரி எழுத எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். ஆனால் நாட்டாருக்கு இதுவும் ஒரு கேஸ். மரக் கேஸ், கடுக்காய்க் கேஸ், இப்போது ஒரு காகிதக் கேஸ். அவர் எல்லோரையும் உட்காரவைத்து, எப்போதும் கேட்கிறதைக் கேட்டார்.

"யார் வூட்டு முறை?"

"வேடி வூடுங்க" என்றார்கள்.

வேடி எழுந்து நின்றான். "எனக்கு எழுதவே தெரியாதுங்களே" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். "நாலாவது வரைக்கும் படிச்சன்னு சொல்லிக்கிறேன். பதினஞ்சு நாளு. போய்ட்டு வந்துர்றேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் எழுதினேன் என்று. சொல்லாததற்கு என்னிடம் நல்ல காரணம் ஏதாவது இருந்ததா என்று பல வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன். பயம்தான். முறை என்று ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

வேடி வீட்டுக்கு அடுத்தது எங்கள் வீடு. அதனால் அவனுடைய கம்பளியை ஐந்து கிலோமீட்டர் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் தன்னுடைய கொல்லையில் எந்த மூலையில் ராகி, எந்த மூலையில் சாமை என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஜீப்பில் ஏறினதும் கம்பளியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

5

அது பதினைந்து நாளில் முடியவில்லை. மரத்தை வெட்டினவனை விட்டுவிடுவார்கள், கேள்வி கேட்டவனை விடமாட்டார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியாது. அரசுக்கு எதிராக ஜனங்களைத் தூண்டினான் என்று வழக்கு. பதினோரு மாதம் உள்ளே இருந்தான். கையெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்த ஐந்து கேள்விகளையும் அவனைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதவைத்தார்களாம். எழுத்து கோணினால் விரல்மேல் அடி. வெளியே வந்தபோது வேடிக்கு நன்றாக எழுத வந்தது. என் எழுத்து மாதிரியே.

வேடிக்குப் பிறகு ஊர் முறை வைப்பதை விட்டுவிட்டது. யாரும் கூடிப் பேசி விடவில்லை. அடுத்த ஜீப் வந்தபோது நாட்டார் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களாகவே யாரையோ பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் சென்னைக்குப் போனேன். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, பிறகு இங்கே. பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் மலைக்கு ஏறி வந்தபோது, ஜாமீனில் இருந்த வேடிதான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டியிருக்கிறான். "தங்கமான பையங்க, ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டான்" என்று சொன்னானாம். அவனே போனில் சொல்லிச் சிரித்தான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா, வாய்தா என்று இருபத்தோரு வருஷமாக மலையிறங்கிப் போய் வருகிறான். அன்றைக்குப் பஸ் கிடைக்காவிட்டால் முந்தின நாளே இறங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார், எழுதினவனே வந்து கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் இவனை விட்டுவிடுவார்கள் என்று. அதையும் வேடி ஒரு வேடிக்கையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். வரச்சொல்லிக் கேட்கவில்லை. நான் அங்கே மழை எப்படி என்று கேட்டேன்.

ஒத்துக்கொண்டால் வழக்கு என் மேல் வரும். இழுப்பறையில் இருக்கும் விண்ணப்பத்தில் இல்லை என்ற குறியை மாற்றிப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த விண்ணப்பத்தை அப்படியே கிடப்பில் போட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து திரும்பி வரவிடுவார்களா என்பதும் தெரியாது. இவ்வளவுதான் கணக்கு. இரண்டு வருஷமாக இதைத் தெரிந்துகொண்டே ஆபீசுக்குப் போய் வருகிறேன், குப்பையைக் காகிதம் தனி, கண்ணாடி தனி என்று பிரித்துப் போடுகிறேன்.

6

போலீஸ் வந்துபோன பிறகு கயல் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பு எடுங்க, நான் வர லேட்டாகும் என்கிற அளவில் பேச்சு நின்றுபோனது. வீட்டில் போன் பேசினால் நான் நடையில் போகும்போது குரலைத் தாழ்த்துவாள். நான் ஏதோ ஒரு ஆபீசின் ஆள் மாதிரி.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது கேட்டாள், "ஏன் சொன்னீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றேன்.

"எப்படி?"

சொன்னேன். முறை, கம்பளி, காலண்டர்த் தாள், வேடி. பாதி தமிழ், பாதி ஜெர்மன். டோலி என்பதற்கும் வாய்தா என்பதற்கும் ஜெர்மனில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. சுமதிக்கும் இது புதிது. அவள் வேலூர்க்காரி, மலையில் எனக்கு வேடி என்று ஒரு சிநேகிதன் உண்டு என்பது வரைக்கும்தான் தெரியும். எழுந்து போய், கழுவி வைத்திருந்த தம்ளர்களை மறுபடியும் கழுவினாள்.

கயல் ஒன்றும் தீர்ப்பு சொல்லவில்லை. "அந்த அஞ்சு கேள்வி என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

நான் விரல்விட்டுச் சொன்னேன். எங்கள் பாட்டன் வைத்த புளியமரத்தில் புளி உலுக்க நாங்கள் யாரிடம் சீட்டு வாங்க வேண்டும்? விறகு பொறுக்கிய பெண்ணின் கையை முறிக்கச் சொல்லி எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மாதத்துக்கு ஒரு கேஸ் வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னது யார்? கடைசிக் கேள்வி: இதைப் படித்த பிறகு பதிலைத் தேடுவீர்களா, எழுதினவனைத் தேடுவீர்களா?

"நாலுதான் ஆச்சு" என்றாள் கயல்.

நாலாவது கேள்வி ஞாபகம் இல்லை. பன்னிரண்டு பிரதி என் கையால் எழுதியது. யோசித்துப் பார்த்தேன். நீல மை தெரிகிறது, காலண்டரின் மறுபக்கத்துச் சாமி படம் தாளில் மங்கலாகத் தெரிந்தது ஞாபகம் வருகிறது, அந்த வரி மட்டும் இல்லை.

"அவரைக் கேளுங்க" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, அங்கே மத்தியானம். எங்கள் ஊரில் போன் எடுக்காது, மேட்டுக்கு ஏறிவர வேண்டும். மூன்றாவது தடவை எடுத்தான்.

"இன்னாடா, நல்லா கீறியா? கொயந்த எப்டி கீது?"

கயல் எதிரே உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். போலீஸ் வந்ததையும், கேட்காமலேயே மகள் பெயரைச் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். எங்கோ ஆடு கத்தியது.

"அவ்ளோ தூரம் போயும் உன்ன வுடலையா அது" என்றான்.

"வேடி, நான் எழுதின நாலாவது கேள்வி இன்னா? மறந்துட்டேன்."

"உனுக்கு மறக்கும். எனுக்கு எப்டி மறக்கும்? எத்தினி வாட்டி எழுதினேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எழுத்துத் தமிழில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்: "நான்கு. அவர்கள் ஆள் கேட்டால், நாம் ஏன் கொடுக்கிறோம்?"

தலைப்பு அரசாங்கத்துக்கு என்றுதான். அந்த ஒன்று மட்டும் எங்களைக் கேட்டது. ஒட்டின மூன்றாம் நாளே நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதற்கான பதிலாக வேடி எழுந்து நின்றான். கயலுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"அன்னிக்கே உன்ன கேக்கணும்னு நெனச்சேன்" என்றான் வேடி. "கம்பளிய தூக்கினு வந்த இல்ல, அப்ப. பாவமா இருந்துச்சு, வுட்டுட்டேன்."

"அடுத்த வாய்தா எப்ப?"

"தை பொறந்து வருது. இன்னாத்துக்கு?"

"நான் வர்றேன். நான்தான் எழுதினேன்னு சொல்லிட்றேன்."

மறுபடியும் ஆடு கத்தியது. அவன் மேட்டிலிருந்து கீழே இறங்கிவிட்டானோ, தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"உன்ன உள்ள போட்டாலும் போடுவானுங்க" என்றான்.

"தெரியும்."

"வேல, வூடு, கொயந்த அல்லாம் கீது உனுக்கு."

"எங்க வீட்டு முறை அப்படியே நிக்குது வேடி. உனக்கு அடுத்தது நாங்கதானே."

அவன் அதற்குச் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொல்லையில் எதை எங்கே விதைப்பது என்று யோசிக்கிறவன் மாதிரி மெதுவாகப் பேசினான்.

"உள்ள ஒரு போர்வ குடுப்பானுங்க, அது பத்தாது. நல்ல கம்பளியா எடுத்துனு வா. உங்க வூட்டுக்கு அடுத்தது சடையன் வூடு, அவுங்க பூட்டினு திருப்பூர் போய் ஆறு வருசம் ஆவுது. பரவால்ல, ஸ்டாண்டு வரைக்கும் நானே தூக்கினு வர்றேன்."